பாபிலோனில் காய்ச்சல்

யாங்கூன் பபேடான் தெருவில் வறுத்த கடலை வாங்கினேன். பொட்டலத் தாள் பழைய தமிழ்ச் சரித்திரப் புத்தகத்தின் பக்கம்: கி.மு. 330 முதல் 321 வரை, உலக நிகழ்ச்சிகள்.

சின்ன வயதில் இதே பக்கத்தின் மேல்பாதி எங்கள் வீட்டுக்கும் பொட்டலமாக வந்தது. அத்தா அப்போது காய்ச்சலில் பாயோடு கிடந்தார். அறை முழுக்கக் கோடாலித் தைல வாசம். அண்ணன் சத்தமாக வாசித்தான். அலெக்சாண்டர் பாபிலோனில் காய்ச்சலில் விழுந்தான் என்பதோடு தாள் கிழிந்திருந்தது.

"அப்புறம்?" என்றேன்.

"தாள்ல இல்ல. பொழச்சிருப்பாரு."

அத்தா கண்ணைத் திறக்காமலே, "பொழக்கட்டும்" என்றார்.

இன்றைய தாளில் கீழ்ப்பாதியும் இருந்தது. பத்து நாள் கிடந்து இறந்திருக்கிறான். கடலையைத் தின்றுகொண்டே கணக்குப் பார்த்தேன். அத்தா அவனைவிட இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கியிருக்கிறார்.