அக்கினிச்சட்டிக்கு அடியில் கப்பல் துணி

என் தாய்மாமா பதினைந்து வருஷம் கடற்படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. வத்தலக்குண்டுப் பக்கம் தக்காளியும் தென்னையுமாக இருந்த எங்கள் ஊரில், கப்பலைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். தம்பி முழுசாக வந்து சேர்ந்தால் அக்கினிச்சட்டி எடுப்பதாக அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள்.

மாமா வேலை பார்த்தது ஒரு பழைய கப்பலின் பாய்லர் ரூமில். அங்கே கொதிக்கும் குழாய்களுக்குச் சுற்றுகிற ஆஸ்பெஸ்டாஸ் துணியில் ஒரு துண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அடுப்புக்குள் போட்டு எடுத்துக் காட்டுவார், கருகாது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

திருவிழா அன்று, அக்காவின் கை வெந்துபோகுமே என்று மாமாவுக்குக் கவலை வந்துவிட்டது. என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லித் துணியை உதறினார். மாவு மில்லில் நிற்பதுபோல் வெள்ளையாகத் தூசி பறந்தது. இரண்டு பேரும் தும்மித் தும்மிச் சிரித்தோம். பிறகு, கையில் ஏந்தும் வேப்பிலைக் கொத்துக்குள் அதை மடித்து ஒளித்து வைத்தார்.

“ஏ புள்ள, ஒங்காத்தாகிட்ட மூச்சு விடப்படாது. விட்டீன்னா தெரியும்.”

பயப்படுவதில் நான் அப்போதே கைதேர்ந்தவள். மேளம் கிளம்பியதும் அம்மாவுக்குப் பின்னாலேயே ஓடினேன். சாமியை ஏமாற்றினால் சாமி சும்மா விடுமா? கொடுத்த மாமாவைத் திருப்பி எடுத்துக்கொண்டால்? முதல் தெரு முனையில் ஊர்க்காரர்கள் அம்மாவின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியபோது அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா மாமாவை முறைத்தாள். “இந்தா, அம்புட்டு அக்கறைன்னா ஒந்துணியோட நீயே செத்த நேரம் பிடி.”

மாமா அசடு வழியச் சட்டியை வாங்கிக்கொண்டார். அம்மா கையில் வெறும் வேப்பிலையைப் பரப்பித் திரும்ப வாங்கிக்கொண்டு, மூன்று தெருவையும் நிற்காமல் நடந்து முடித்தாள். உள்ளங்கையில் இரண்டே கொப்புளம்.

“காட்டிக்குடுத்த கழுத!” என்று மாமா என் தலையில் குட்டினார். எனக்கு வலிக்கவே இல்லை. மாமாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்றைக்கு மூன்று தட்டு பொங்கல் சாப்பிட்டேன்.

பல வருஷம் கழித்து மாமாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான்தான் மதுரைக்குக் கூட்டிப்போனேன். எட்டாவதோடு நின்றவள், எக்ஸ்ரே படத்தைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மாமா உற்சாகமாகச் சொன்னார்: பீரங்கி சுடும் அதிர்வில் குழாய்களிலிருந்து வெள்ளைத் தூள் சாப்பாட்டுத் தட்டில் உதிரும், ஊதிவிட்டுச் சாப்பிடுவோம். டாக்டரின் பேனா நின்றது. அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசிதான் நுரையீரலில் படிந்திருக்கிறது என்றார்.

மாமா இன்றும் இருக்கிறார். பத்தடி நடந்து, நின்று, என்னை ஒரு வம்புக்கு இழுத்துவிட்டு, அடுத்த பத்தடி நடக்கிறார். நான் பக்கத்தில் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு நடக்கிறேன். அன்று கடலுக்குப் பயந்தோம், தீக்குப் பயந்தோம், சாமிக்குப் பயந்தோம். தூசிக்கு மட்டும் சிரித்தோம்.