என் முன்குறியை வளைக்க மாட்டேன்

பலூன் சுடும் கடை வைத்திருப்பவளைத் திருடி என்று நினைத்துக்கொண்டுதான் ஜனங்கள் துப்பாக்கியையே கையில் எடுப்பார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? குழாய் நுனியில் இருக்கும் முன்குறியை இடப்பக்கம் லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும், குண்டு வலப்பக்கம் போய்விடும். கடலூர் கடற்கரையில் எங்கள் வரிசையில் ஐந்து கடை. நாலு துப்பாக்கி அப்படித்தான். என்னுடையது மட்டும் நேர். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டவள் நான். கோணல் துப்பாக்கியைத் தொடவே எனக்குக் கூசும்.

அதில்தான் வம்பு வந்தது. ஒரு நாள் மற்ற நாலு கடைக்காரர்களும் சேர்ந்து வந்து நின்றார்கள். ஒன்று முன்குறியை வளைக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி பண்ண வேண்டுமாம். பக்கத்துக் கடை பாபுதான் பேசினான். "ஒங்கிட்ட பத்துக்கு எட்டு அடிச்சிட்டு எங்கிட்ட வந்து ரெண்டு அடிக்கிறான். அப்புறம் எஞ்சட்டையைப் புடிக்கிறான். நீ நேரா வச்சிருக்கறதுக்கு நான் ஏன் ஒதை வாங்கணும் யக்கா?"

எந்தக் கண்?

நான் வளைக்கவில்லை. மறுநாளே சோதனை வந்தது. திட்டக்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சுட்டார். குறி வைத்த பலூன் அப்படியே இருக்க, அதற்கு இடப்பக்கத்துப் பலூன் வெடித்தது. அடுத்த குண்டும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே. "சைட்டை வளச்சி வச்சிருக்க" என்று சத்தம் போட ஆரம்பித்தார். பாபு கடையிலிருந்து சிரிப்பு கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் கையிலிருந்து வாங்கி நான் ஒன்று சுட்டேன். குறி வைத்த பலூனே வெடித்தது. அவரோ இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சுடுகிறார். கட்டைவிரலை நீட்டி, தூரத்தில் ஒரு படகை மறைக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னேன். வலக்கண்ணை மூடினால் விரல் அசையவில்லை, இடக்கண்ணை மூடினால் படகை விட்டுத் தாவியது. ஆக, குறி பார்ப்பதில் அவருக்கு ஓங்கிய கண் இடது. துப்பாக்கி இருந்ததோ வலது தோளில். இடத்தோளுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஏழு பலூனை வரிசையாக உடைத்துவிட்டுத் திரும்பினார். "அறுவத்திரண்டு வயசு வரைக்கும் எந்தக் கண்ணால பாக்குறேன்னு தெரியாமலே பாத்திருக்கேம்மா."

தேங்காயெண்ணெய்

கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது. தினமும் துணியால் துடைத்து வைப்பேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் எனக்கு ஒத்தாசை செய்கிறாராம். காற்று அடைபடும் ஓட்டைக்குள்ளேயே தேங்காயெண்ணெயை விட்டுவிட்டார். சாயங்காலம் முதல் ஆள் சுட்டதும் 'படார்' என்று ஒரு சத்தம், குழாயிலிருந்து புகை. குண்டு பலூனுக்கெல்லாம் மேலே போய்ப் பலகையின் விளிம்பைப் பெயர்த்தது. சுட்டவர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

ஸ்பிரிங் பாய்ந்து காற்றை நெருக்கும்போது உள்ளே பயங்கரமாகச் சூடேறும். அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொள்ளும். வாஷர் கருகிவிட்டது. இரண்டு நாள் கடை மூடல். வெடிக்கிற துப்பாக்கி என்று பாபு ஊரெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் புது வாஷர் போட்டுக் கடையைத் திறந்தேன். வீட்டுக்காரர் யோசனையாக நின்றார். "நல்லெண்ணெ உட்டிருக்கணுமோ?"

சிதம்பரத்தில் என் தப்பு

தேர்த் திருவிழாவுக்குச் சிதம்பரம் போய்த் தெற்கு வீதியில் கடை போட்டேன். மகளோடு வந்த பெண் போலீஸ்காரர் ஒருவர் மஃப்டியில் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் வீண். பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் செல்போனைத் தூக்கி, "பலூன் கடை ஃபிராடு" என்று வீடியோ எடுத்தார்கள். "வளஞ்சது வேற எவ துப்பாக்கியாவது இருக்கும், என்னோடது நேரு!" என்று கத்திவிட்டு நானே எடுத்துச் சுட்டேன். தவறியது.

அந்த நிமிஷம் நான் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. துப்பாக்கியின் மரக்கட்டையைத் தடவிப் பார்த்தேன். குழாயைக் கட்டையோடு பிடித்திருக்கும் திருகு, மினி வேன் குலுக்கலில் தளர்ந்து ஆடியது. வந்ததும் சோதிக்காதது என் தப்பு. அதை உரக்கவே சொன்னேன். திருகை இறுக்கி, அட்டையில் ஒரு புள்ளி வைத்து, எல்லார் முன்னாலும் ஐந்து குண்டு சுட்டுக் காட்டினேன். ஐந்தும் புள்ளியைச் சுற்றியே விழுந்தன. வீடியோ எடுத்த பையன்களைப் பார்த்து, "இதையும் எடு" என்றேன். போலீஸ்காரம்மா மறுபடி துப்பாக்கியை வாங்கினார். "தப்பு எம்மேலதான்னு ஒருத்தர் தானா சொல்லி, என் சர்வீஸ்லயே இப்பதாங்க கேக்குறேன்."

பத்துக்கு எட்டு

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு நடுவில் பாபு அவன் துப்பாக்கியை என்னிடம் நீட்டினான். "இதுல பத்துக்கு எட்டு அடி. அடிச்சா ஒன் எடம் ஒனக்கு. இல்லன்னா நாளைக்குக் காலி பண்ணு." மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். கோணல் துப்பாக்கியைத் தொடக் கூசியது. ஆனாலும் வாங்கினேன்.

முதல் குண்டு வலப்பக்கம் போய் வெறும் பலகையில் பட்டது. கூட்டம் 'ஓ' போட்டது. இரண்டாவது குண்டுக்கும் அதே பலூனையே குறி வைத்தேன். முதல் குண்டு பட்ட இடத்திலேயே போய்ப் பட்டது. எனக்கு வேண்டியது அதுதான். கோணல் துப்பாக்கியும் ஒரே மாதிரிதான் கோணும். ஆனால் இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் உதறும் என்பதால், இடக்கையில் சும்மா தாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பலூனுக்கும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்தேன். எட்டு குண்டு, எட்டு பலூன். துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "எல்லாரும் ஒரு சாண் எடப்பக்கம் தள்ளிக் குறி வைங்க, பாபு கடையிலயும் ஜெயிக்கலாம்!"

நின்ற கூட்டம் முழுக்க அவன் கடைக்கு வரிசை கட்டியது. பரிசுப் பொம்மை தீர்ந்துபோய் அவன் என்னிடம் ஓடி வந்தான். "யக்கா, எடத்துல நீயே இரு, வாயை மட்டும் மூடிக்க!"

இன்றைக்கும் எங்கள் வரிசையில் நேராகச் சுடுவது ஒரே ஒரு துப்பாக்கிதான், அந்த நாலு பேரும் கோணல் என்று சொல்வதும் அதை வைத்திருப்பவளைத்தான்.