தாம்பூலப் பைக்கு டோக்கன் இல்லை

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அண்ணாச்சி கடையின் பின்னறையில், ஒரு சர்க்கரை மூட்டை மேல் உட்கார்ந்து டி.வி. பார்த்தேன்.

சீரியல் இல்லை. கிரிக்கெட்டும் இல்லை. பத்து நிமிஷம் பார்த்திருப்பேன். இதை எழுதுகிற இந்த நிமிஷம்வரை அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை.

புனேயில் எங்கள் நிக்டி பக்கம் இருக்கும் தமிழர்களுக்கெல்லாம் அண்ணாச்சி கடைதான் கதி. இட்லி அரிசி, பில்டர் காபிப்பொடி, அப்பளம், நல்லெண்ணெய் – எல்லாம் அங்கேதான். முன்பெல்லாம் கவுன்ட்டரில் நின்று லிஸ்ட்டைப் படித்தால் அவரே எடுத்துக் கொடுப்பார். இரண்டு வருஷமாகக் கடை சூப்பர் மார்க்கெட் ஆகிவிட்டது. நாமே கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எடுக்கலாம், திருப்பிப் பார்க்கலாம், வைக்கலாம்.

ஒரே ஒரு கண்டிஷன். கையில் உள்ள பையை வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. தாம்பூலப் பை!

ஆடி வெள்ளி, வரலட்சுமி விரதம், அப்புறம் நவராத்திரி. போதாததற்கு இந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுக்கும் ஹல்தி-குங்குமம் வேறு. யார் வீட்டிலோ வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, அப்படியே பாலுக்கும் தயிருக்கும் கடைக்குள் நுழைவோம். தேங்காயும் மஞ்சளும் குங்குமமும் உள்ள பையை ஹெல்மெட்டுக்கும் ரெயின்கோட்டுக்கும் நடுவே செருகி வைக்கலாமா? அண்ணாச்சிக்கே மனசு ஒப்பவில்லை. "மங்கலப் பொருளைக் கீழ வைக்கச் சொன்னா எனக்குல்லா பாவம்" என்று உள்ளே விட்டுவிடுவார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இது இப்படி இருக்க, ஷெல்ப்பிலிருந்து சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. பெரிய சாமான் எதுவும் இல்லை. எவர்சில்வர் குங்குமச் சிமிழ், சந்தன சோப்பு, சீப்பு, டீ வடிகட்டி... எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை.

யார் எடுத்திருப்பார்கள்? எல்லோருக்கும் ஒரே பதில்தான் தோன்றியது. சாந்தி.

சாந்தி ஷெல்ப்பில் சாமான் அடுக்குகிற பெண். தேகு ரோட்டில் வீடு. தாத்தா காலத்திலேயே அங்குள்ள ராணுவ டிப்போவுக்கு வேலைக்கு வந்த குடும்பம். அவள் தமிழில் பாதி ஹிந்தி கலந்திருக்கும். காலை முதல் சாயங்காலம்வரை சாமான்களுக்கு நடுவிலேயே நிற்கிறவள் அவள் ஒருத்திதான். சந்தேகப்பட வேறென்ன காரணம் வேண்டும்?

கணபதி பண்டிகை சமயம். சாயங்காலக் கூட்டம். பில் போடும் இடத்தில் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறோம். சாந்தி வேலை முடிந்து கிளம்புகிறாள். அண்ணாச்சி திடீரென்று, "பையைக் கொட்டு" என்றார்.

கொட்டினாள்.

ஒரு டிபன் டப்பா. பஸ் பாஸ். தலைவலி மாத்திரை. மடித்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கவர். அவ்வளவுதான். டப்பா உருண்டு என் காலடியில் வந்து நின்றது. நான் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை. பில்லுக்கு நேரமாகிறதே என்று எரிச்சல் பட்டுக்கொண்டிருந்தேன்.

பையில் எதுவும் கிடைக்கவில்லையே, விட்டுவிட வேண்டியதுதானே? வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அகப்படாம எடுக்கறதுதானே கெட்டிக்காரத்தனம்!"

சொன்னது வேறு யாரும் இல்லை. நான்தான்.

நாலு பேர் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து சாந்தி வேலைக்கு இல்லை. நானும் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

ஆனால் பாருங்கள்... சாந்தி போன பிறகும் சிமிழ்கள் போய்க்கொண்டே இருந்தன! அப்போதுதான் அண்ணாச்சி யோசித்து, யாருக்கும் சொல்லாமல் கூரையில் இரண்டு கேமரா மாட்டினார். பின்னறையில் ஒரு டி.வி., ஒரு வி.சி.ஆர். புனேயில் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் தூக்குவார்கள் இல்லையா? எல்லோரும் தூங்குகிற அந்த நேரத்தில் அண்ணாச்சி டேப் போட்டுப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார்.

"யம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. நான் பார்க்கறது நெசம்தானான்னு நீங்கதான் சொல்லணும்."

கறுப்பு வெள்ளைப் படம். சத்தம் கிடையாது. ஆட்கள் வெட்டி வெட்டி நடக்கிறார்கள். ஒரு பெண்மணி குங்குமச் சிமிழை எடுத்து, கவிழ்த்து விலை பார்க்கிறார். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. சிமிழ் மஞ்சள் பைக்குள் போகிறது. மேலே தேங்காயை நகர்த்தி மூடுகிறார். அப்புறம் நிதானமாகத் தயிர் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்.

"இது... அவியதானா?" என்றார் அண்ணாச்சி.

அவரேதான். விமலா மேடம்!

எங்கள் காலனி லேடீஸ் கிளப்பின் செகரட்டரி. சாந்தி பையைக் கொட்டிய அன்றும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர். கணவர் பெரிய தொழிற்சாலையில் பெரிய அதிகாரி. வீட்டில் இரண்டு கார். நவராத்திரியில் அவர் வீட்டு கொலுவுக்குப் போகாதவர்கள் காலனியில் கிடையாது. இந்த வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தது என்ன தெரியுமா? எவர்சில்வர் குங்குமச் சிமிழ். என் வீட்டு சாமி அலமாரியில் ஒன்று இருக்கிறது.

ஆனால் அதிர்ச்சி அதோடு முடியவில்லை.

அண்ணாச்சி டேப்பை ஓட்டினார். வேறொரு நாள். விமலா மேடம் சோப்பு வரிசையில் நிற்கிறார். பக்கத்தில் இன்னொரு பெண் வந்து நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். விமலா மேடம் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்து அவள் தலையில் வைக்கிறார். வைத்த கை அவள் தோளிலேயே இருக்க, மற்றக் கை ஷெல்ப்பிலிருந்து இரண்டு சோப்பை எடுத்துப் பைக்குள் விடுகிறது.

பூ வைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிற அந்தப் பெண் நான்!

என்ன சொல்ல? ஒன்றரை முழ தூரம். என் கண் முன்னால். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டிபன் டப்பாவும் மாத்திரையும் இருந்த பையில் திருட்டைக் கண்டுபிடித்த மகா புத்திசாலி நான்!

"என்ன செய்யப் போறீங்க, அண்ணாச்சி?" என்றேன்.

"என்னத்தச் செய்ய? 'கேமரா இருக்கு'ன்னு பெருசா ஒரு போர்டு எழுதி வச்சிருவோம். அவியளே புரிஞ்சுக்கிடுவாவ."

"நேரா கேக்க மாட்டீங்களா?"

"எப்படிம்மா கேக்க? ஆபீசர் வீட்டம்மா. மானம்னு ஒண்ணு இருக்குல்லா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ சாந்திக்கு?"

அண்ணாச்சி வி.சி.ஆரை அணைத்தார். "தப்புப் பண்ணிட்டேன்ம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து தேகு ரோடு போனோம்.

சாந்தி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லி, நாளைக்கே வேலைக்கு வந்துவிடு என்றார். நானும், "சாந்தி, அன்னிக்கு லைன்ல ஒரு வார்த்தை சொன்னது நான்தான். மன்னிச்சுக்கோ" என்றேன்.

"மாலூம்க்கா" என்றாள் அவள். "அப்பவே என் காதுல வுழுந்துச்சு."

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவள் அண்ணாச்சியிடம் திரும்பினாள். "என் பையை எங்க கொட்டச் சொன்னீங்க, அண்ணாச்சி?"

"...பில் போடுற இடத்துல."

"எப்போ?"

"சாயங்காலம்."

"லைன் ஃபுல்லா நின்னப்போ. ஆங், அங்கியே, அதே டைமுக்கு வந்து சொல்லுங்க, சாந்தி எடுக்கலைன்னு. எடுத்தவங்க பேரு எனக்கு வேணா. என் பேரை மட்டும் சொல்லுங்க. அப்போ வர்றேன்."

கேமரா மாட்ட ஒரே நாள்தான் ஆயிற்று அண்ணாச்சிக்கு. இதற்கு நாலு நாள் ஆனது. புதன்கிழமை தொண்டை சரியில்லை என்றார். வியாழன் கூட்டம் குறைவு என்றார். வெள்ளிக்கிழமை நான் சண்டையே போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. வரிசையில் இருபது பேர் இருப்பார்கள். சாந்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு, அன்று நின்ற அதே இடத்தில் நின்றாள். அண்ணாச்சி எழுந்தார். முதலில் தமிழில், பிறகு தட்டுத்தடுமாறி ஹிந்தியில் சொன்னார் – "சாந்தி இந்தக் கடையில ஒரு பொருள் எடுத்ததில்ல. நான்தான் அநியாயமாச் சந்தேகப்பட்டுட்டேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கேன்."

நானும் என் பங்கைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்டிருக்காது. ஆனாலும் சொன்னேன்.

சாந்தி தலையை ஒருமுறை ஆட்டினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக அரிசி ஷெல்ப்புக்குப் போய் அடுக்க ஆரம்பித்தாள்.

அப்போது வரிசையின் நடுவிலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க, அண்ணாச்சி! எனக்கு அப்பவே தெரியும், அந்தப் பொண்ணு எடுத்திருக்க மாட்டான்னு."

விமலா மேடம்!

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

யோசித்துப் பார்த்தால், அந்த அம்மாள் சொன்னதில் பொய்யே இல்லை... அன்றைக்கு அந்த வரிசையில் அது நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே!