ஞாயிறுவரை காரம் நிற்க வேண்டும்

சற்றுமுன் கிடைத்த தகவல்: கடுகுபோல் காரமான ஹார்ஸ்ரேடிஷ் கிழங்கு ஒன்று, முறிந்த நிலையில் ஈரத்தாளில் சுற்றப்பட்டு, நோர்பரியில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. உறுதிப்படுத்தியவர் என் அயல்வீட்டுப் பெண்மணி மனோ.

இன்று பால் வாங்கத்தான் தமிழ்க் கடைக்குப் போனேன். அங்கே மனோ, நேற்று வாங்கிய கிழங்கைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார்.

அவருடைய மகள் மணக்கப்போகும் ஆங்கிலேயப் பையனின் வீட்டில் ஞாயிறன்று முதல் விருந்து. ரோஸ்ட் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துருவி வைக்க, பையனின் தாய் கொண்டுவரச் சொன்னது இந்த ஒன்றைத்தான்.

"இஞ்சியெண்டா மணக்கும். இதில ஒரு மணமும் இல்லை. பழசு."

"முறிச்சாத்தான் அக்கா மணக்கும்," என்றார் கடைக்காரர்.

"அப்ப முறிக்கட்டோ?"

"முறிச்சா திருப்பி எடுக்கேலாது."

எனக்குப் பின்னால் அரிசி மூட்டைகள், முன்னால் இவர்கள் இருவரும். நழுவ வழியில்லை.

"அண்ணை, நீங்கள் பேப்பரில எழுதுறவர். நீங்களே சொல்லுங்கோ," என்று கிழங்கை என் கையில் வைத்தார் மனோ.

வளைத்துப் பார்த்தேன். வளையவில்லை, கனமாகவும் இருந்தது. "புதுசுதான்," என்றேன்.

மனோ படக்கென்று முறித்தார். மூவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சரி, புதுசுதான். இனி ஞாயிறு வரைக்கும் இந்தக் காரம் நிக்குமோ?"

வெளியே போனால் போதும் என்றிருந்தது. "நிக்கும்," என்றேன், எந்த ஆதாரமும் இல்லாமல்.

"அப்ப நீங்களும் எங்களோட வாறியள். காரமில்லாட்டி சம்மந்திக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்லோணும்."

முடிவு ஞாயிறு மதியம் தெரியும். முறிந்த கிழங்கைச் சில நாள் வைத்துப் பார்த்த வாசகர்கள் அதற்குள் எனக்கு எழுதுங்கள். நல்ல செய்தியாக இருந்தால் மட்டும்.