சைரன் ஒலிக்கிறதா: ஆம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மணி பத்து பதினேழு. குளோரின் அறையில், தரையை ஒட்டிப் பொருத்தியிருந்த கசிவுக் கருவியின் முன்னால் மண்டியிட்டு, துணி வெளுக்கும், குளோரின் வாடை வீசும் பிளீச்சில் நனைத்த ஒரு துண்டுத் துணியை அதன் வாயருகே பிடித்திருந்தேன். திரையில் பூஜ்யம். ஒரு நிமிடம் முழுக்கப் பிடித்தேன். பூஜ்யம். என் மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கருவிக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த இரண்டாவது கருவிக்குப் போனேன். அங்கேயும் பூஜ்யம்.

நான் வேலை செய்வது மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில். கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன். தண்ணீரில் கிருமி சாவதற்காகக் கலக்கும் குளோரின் வாயு பெரிய இரும்பு டிரம்களில் லோரியில் வரும். காற்றைவிடக் கனம், தரையை ஒட்டிப் படரும்; கசிந்தால் நெஞ்சைப் பிடித்துவிடும். கசிவுக் கருவி அதை உணர்ந்ததும் சைரன் அலற வேண்டும், எல்லோரும் ஓட வேண்டும். ஏற்பாடு அதுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கால்வாய், ஒரு திடல், அதைத் தாண்டினால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. என் மகள் அங்கே ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் வீடு பத்து நிமிட தூரத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தாலும், வேலைக்கு வரும் வழியிலேயே விட்டுவிடலாம் என்று நான்தான் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். அவளுக்குக் குழந்தையிலிருந்தே மூச்சு இழுப்பு. பள்ளிப் பையில் புத்தகத்துக்கு முன்னால் வாயில் அடிக்கும் மருந்துப் பம்ப்தான் ஏறும்.

அந்தக் கருவிகளை மாதம் ஒருமுறை சோதிப்பது என் பொறுப்பு. பெட்டியில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் சைரன் கத்தும், சிவப்பு விளக்கு சுற்றும். படிவத்தில் ‘சைரன் ஒலிக்கிறதா: ஆம்’, ‘விளக்கு எரிகிறதா: ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒன்பது வருடம் அப்படித்தான் போட்டேன். அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் கோலாலம்பூரில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்தியவர் வெளிநாட்டில் ஓர் அணுமின் நிலையத்தில் பாதுகாப்புக் கருவிகளைச் சோதித்தவர். பொத்தானை அழுத்தினால் சைரன் நன்றாக இருக்கிறது என்றுதான் தெரியும், கருவிக்கு மூக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர்கள் நிலையத்தில் ஒரு கோளாறை யார் எழுதினாரோ அவர் சம்மதிக்காமல் யாரும் அதை ‘முடிந்தது’ என்று மூட முடியாதாம். அதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

பிளீச் நாற்றத்தோடேயே பொறியாளர் அறைக்குப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“சைரன் அடிக்குதா இல்லையாக்கா?”

“அடிக்குது பாஸ். ஆனா...”

“அடிச்சா ஓகேதானே லா. பிளீச் வச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லி எந்த புக்ல இருக்கு?”

“வாயுவைக் கண்டுபிடிக்கிற கருவிக்கு வாயுவைக் காட்டாம வேற எதைக் காட்டுறது?”

அவர் சிரித்துவிட்டார். “சரி, சிஸ்டத்துல போடுங்க. கான்ட்ராக்டர் வருவான்.”

படிவத்தில் இதை எழுத இடமில்லை. ஓரத்தில் எழுதினேன். ஓரத்தில் எழுதக் கூடாது என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. கணினியில் புகார் பதிந்தேன். நான்கு நாள் கழித்துக் கான்ட்ராக்டரின் ஆள் வந்தான், பச்சைப் பொத்தானை அழுத்தினான், சைரன் கத்தியது, போய்விட்டான். மாலையில் என் புகாருக்குப் பக்கத்தில் ‘முடிந்தது’ என்று இருந்தது. மறுபடி பதிந்தேன். மறுபடி வந்தான், அழுத்தினான். மூன்றாம் முறை வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்களுக்கு இந்தச் சத்தம் ரொம்பப் பிடிச்சிருக்கு போல” என்றான். துணியைக் கையில் எடுத்துக் காட்டினேன். அதெல்லாம் தன் வேலை ஆர்டரில் இல்லை என்றான். அவன் ஆர்டரை வாங்கிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

டிரம் மாற்றும் ஆப்பரேட்டர் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். “கருவி போனா போகட்டும் தங்கச்சி, இது முப்பது வருஷ மூக்கு” என்று தன் மூக்கைத் தட்டிக் காட்டினார். ஆனாலும் அன்றிலிருந்து முகமூடியைக் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டார்.

டிரம் மாற்றுவது செவ்வாய்க்கிழமைகளில். கசிவு வந்தால் அந்த நேரத்தில்தான் வரும். அடுத்த செவ்வாய் என் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் அவள் அப்பாவோடு வீட்டில் விட்டேன். காய்ச்சல் என்று லீவுக் கடிதம் எழுதினேன். அதற்கடுத்த வாரம் வயிற்று வலி. பிறகு பல் வலி. நாலாம் வாரம் திங்கள் இரவே அவள் கேட்டாள்:

“அம்மா, நாளைக்கு எனக்கு என்ன நோய்?”

“கேலி பண்ணாத.”

“இல்ல, டீச்சர் கேட்டா ஒரே மாதிரி சொல்லணும்ல. போன தடவை நீங்க பல்லுன்னு எழுதிட்டீங்க, நான் தலைன்னு சொல்லிட்டேன்.”

பள்ளிக்கு ஏன் சொல்லவில்லை என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நிலையத்தின் விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தேன். அது ஒரு காரணம். இன்றோ நாளையோ சரிசெய்துவிடுவார்கள், அதற்குள் ஊரைக் கலக்கிவிட்டால் என் கதி என்ன என்ற பயம் இன்னொன்று. வேறு காரணங்களும் எழுதலாம். எதை எழுதினாலும் படிக்க நன்றாக இல்லை.

ஏழாவது செவ்வாய். அன்றும் என் மகள் வீட்டில்தான். டிரம் மாற்றி முடித்த சில நிமிடங்களில் ஆப்பரேட்டர் அண்ணன், “எல்லாம் மேல ஓடுங்க!” என்று கத்தினார். புது இணைப்பில் கசிவு. சைரன் வாயைத் திறக்கவில்லை. அவர் முகமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தேன். வெளியே காற்றின் திசை காட்டும் துணிப்பை பள்ளிப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. மணி பத்து, பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம்.

பள்ளிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலிக்கு ஓடினேன். திடலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். “உள்ள போங்க! ஜன்னலைச் சாத்துங்க!” என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். சில பிள்ளைகள் என்னை அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டே எனக்குக் கை ஆட்டினார்கள். ஓர் ஆசிரியையும் கை ஆட்டினார். பிறகு ஒரு பெண் குனிந்து இருமினாள். பக்கத்தில் இன்னொருத்தி. அதற்குப் பிறகுதான் ஆசிரியை பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

அண்ணன் வால்வை மூடிவிட்டார். மொத்தமே சில நிமிடம்தான். இருமிய பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மூச்சுக்கு மருந்து வைத்தார்கள், சாயங்காலத்துக்குள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். புதுக் கருவிகளும் அன்றே வந்தன. ஏழு வாரம் இல்லாதது ஒரே நாளில் வந்தது. விசாரித்தவர் என் படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, “எல்லா மாசமும் ஆம்னு நீங்கதான் போட்டிருக்கீங்க” என்றார்.

“மூணு புகார் போட்டிருக்கேன், பாருங்க.”

பார்த்தார். “மூணும் முடிஞ்சதுன்னுதான் காட்டுது.”

நான் முடிக்கவில்லை என்றேன். அந்த வாக்கியத்தை அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாலை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெண்ணின் அம்மா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அந்தச் சீருடையோடேயே வந்திருந்தாள். அவள் மகளும் கிளினிக்குக்குப் போனவர்களில் ஒருத்தி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“இருக்கா. ராத்திரியில இருமுறா.” வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “செவ்வாய்க்கிழமை ஆனா பக்கத்து நாற்காலி காலியா இருக்கும்மா, அவளுக்கு ரொம்ப உடம்பு முடியல போலன்னு என் புள்ள சொல்லிக்கிட்டே இருந்தா. நானும் பாவமேன்னு உங்க மக பேருக்குக் கோயில்ல அர்ச்சனை பண்ணேன் அக்கா. ரெண்டு தடவை.”

நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “அடுத்த தடவை எனக்கும் ஒரு வாட்சாப் போடுங்க. லீவு லெட்டர் எழுத எனக்கும் தெரியும்.”