ஸ்னாப்ஷாட் எடுத்தாலே விழுந்த சர்வர்

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். புதுக்கோட்டையில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களை ஓட்டும் அடிப்படை மென்பொருளைப் பார்த்துவந்தேன். மெமரி நிரம்பி சர்வர் தினமும் ஓட்டம் நின்று விழுந்தது.

“ஒன் பகுதியிலதான்டா கோளாறு. பத்தாவது படிச்சவனுக்கு எதுக்கு இந்தப் பொழப்பு? நாளையிலேர்ந்து வராத,” என்றார் டீம் லீடர்.

மெமரியில் கிடப்பதை அப்படியே நகலாக, ஸ்னாப்ஷாட் எடுத்தால் உண்மை தெரியும். ஆனால் அதை எடுக்கவே மெமரி போதாமல் சர்வர் விழுந்தது. ஸ்னாப்ஷாட்டை மெமரியிலேயே முழுதாகச் சேர்த்துவைக்காமல், துண்டு துண்டாக டிஸ்க்கில் எழுதும்படி மாற்றினேன். மாலைக்குள் ஸ்னாப்ஷாட் வந்துவிட்டது.

மெமரியை அடைத்திருந்தது, பிழை தேட டீம் லீடரே தன் புரோகிராமில் போட்ட பட்டியல். உள்ளே போன எதையும் அது மெமரியிலிருந்து விடவில்லை.

“இது யாரு எழுதுனதுங்க சார்?” என்று அவரிடம் காட்டிக் கேட்டேன்.

“டெஸ்ட்டுக்குப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன்.”

“அப்ப நாளைக்கி வரட்டுங்களா?”

“வந்து தொல,” என்றார்.

வேலைக்குப் போகிறேன். அவரோடு பேச்சு கிடையாது.