நெல் காயும் சாலையில் எரிவாயு வண்டி

பயணத்துக்கு முன் நடந்தவை:

1. கத்தாரிலிருந்து கப்பலில் வந்து கொச்சியில் இறங்கிய எரிவாயுவைத் திரவமாகவே ஏற்றிக்கொண்டு எங்கள் டேங்கர் கிளம்பியது. திருநெல்வேலி பேட்டையில் புதிதாகக் கட்டிய சேமிப்புத் தொட்டிக்கு இதுதான் முதல் சரக்கு.
2. ஆரியங்காவு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி மூன்று நாள் நின்றது.
3. திரவத்தின் குளிர் மைனஸ் 162 டிகிரி. நாளாக ஆக அது ஆவியாகி அழுத்தம் ஏறும். அது ஏழு ‘பார்’ என்ற அளவைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு தானே திறந்து வாயுவை வெளியே விடும்.
4. ஆலங்குளம் சாலையில் பாலம் வேலை. அம்பாசமுத்திரம் வழியே போகச் சோதனை ஓட்டமாக அனுமதி கிடைத்தது. ஊர்ப்பக்கம் வால்வு திறந்தால் அனுமதி ரத்து; பேட்டைத் தொட்டி காலியாகவே கிடக்கும்.
5. வண்டியோடு வந்து அறிக்கை தர, எரிவாயு நிறுவனத்தில் பொறியாளரான என்னைச் செங்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

காலை 7.40, செங்கோட்டை. அழுத்தமானி 6.1 காட்டியது. ஓட்டுநர் இசக்கிமுத்து முக்கூடல்காரர்.

“எந்த ஊரு பிள்ள?”

“காயல்பட்டினம், அண்ணாச்சி. வாப்பா கத்தார்ல கேஸ் பிளாண்ட்ல இருக்காங்க.”

“அப்ப இது வாப்பா குடுத்துவுட்ட சரக்கா! வீட்டுக்குப் பார்சல் அனுப்புதவங்களப் பாத்திருக்கேன், இம்புட்டுப் பெருசா பாத்ததில்ல.”

வாப்பா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார்.

9.05, கடையம். 6.3. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, நான் மட்டும் நடந்துபோய் இருவருக்கும் தேநீர் வாங்கிவந்தேன். ஒன்று 12 ரூபாய். அம்பாசமுத்திரம் தாண்டியதும் இருபுறமும் கார் பருவ நெல் அறுவடை. பாதி வயல் பழுப்பு, பாதி வயல் அறுத்துவிட்ட வெறும் தாள். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது.

11.10. வீரவநல்லூருக்கு அப்பால் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. ஓரத்தில் கல் வரிசை. பேருந்துகள் ஒதுங்கிப் போயின. எங்கள் நீள வண்டி திரும்பினால் பின்சக்கரங்கள் நெல்மேல்தான் ஏறும்.

இசக்கிமுத்து நிறுத்திவிட்டார். “சோத்து மேல டயர ஏத்த மாட்டேன். நீ என்ன வேணும்னாலும் எழுதிக்கோ.”

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த நான்கு பெண்களில் மூத்தவர் பேச்சியம்மாள். “நாலு மணிக்கு அள்ளிருவோம். அதுவரைக்கும் நில்லுங்க. பாலு வண்டிக்கு என்ன அவசரம்?”

மானியில் 6.6. ஏறும் வேகத்தைக் கணக்கிட்டேன். இரண்டு மணிக்குள் ஏழைத் தொடும். பேட்டைக்கு இன்னும் ஐம்பது நிமிடம். கூட்டம் கூடும் இடத்தில் சரக்கைப் பற்றி வாய் திறக்காதே என்பது அலுவலக உத்தரவு. பால் என்றே விட்டிருக்கலாம்.

“பாலு இல்லக்கா. கேஸு.”

ஒரு பெண் இரண்டடி பின்வாங்கினாள். “வெடிக்குமா?”

“வெளிய வந்து தீ பட்டா பத்திக்கிடும். இப்ப வெளிய வரல. ரெண்டு மணி வரைக்கும் இங்கன நின்னா வரும். அதான் போணும்ங்கேன்.”

பேச்சியம்மாள் டேங்கரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “இத வந்த ஒடனே சொன்னா என்ன? ஏட்டி, பலகைய எடுங்க!” பிறகு வரப்பில் பீடி பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரைப் பார்த்து, “லே, பீடிய அணைலே!” கடைசியாக இசக்கிமுத்துவிடம்: “நீரும் எறங்கும். மேல உக்காந்து நெல்லுக்கு எரக்கப்பட்டா போதுமாவே?”

அவர் இறங்கினார். நானும் நெல் தள்ளும் பலகை ஒன்றைக் கையில் வாங்கினேன். ஈர நெல் நினைத்ததைவிடக் கனம். தள்ளிக்கொண்டே பேச்சியம்மாள் சொன்னார்: “பனி காஞ்சு எட்டு மணிக்கு மேலதான் விரிப்போம். அதுக்கு முந்தி வந்தா ரோடு பூரா ஒனக்குத்தான். இதக் கேக்காமயா ரோட்டுக்கு அனுமதி வாங்குனீய?”

கேட்கவில்லைதான். அகலம், பாலங்களின் தாங்குதிறன், மின்கம்பிகளின் உயரம் எல்லாம் அளந்தோம். இதை யாரிடமும் கேட்கவில்லை.

12.15க்கு வளைவைக் கடந்தோம். சேரன்மகாதேவி, சுத்தமல்லி. 1.05க்குப் பேட்டை, 6.9. குழாயை இணைத்ததும் முள் இறங்கத் தொடங்கியது.

வால்வு திறக்கவில்லை. வளைவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதையும், சரக்கு என்னவென்று சொன்னதையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதினேன். இரண்டாவதற்கு அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிட்டேன். அனுமதி ரத்தாகவில்லை, நிரந்தரமாகவும் கிடைக்கவில்லை. அறுவடை நாட்களில் எட்டு மணிக்கு முன் அந்த வளைவைக் கடக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பயண விதிகளில் நானே சேர்த்தேன். தொட்டியில் வாயு இருக்கிறது. அடுத்த வண்டி செங்கோட்டையிலிருந்து காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறது.